மனநல நெருக்கடிக்கு யார் வர வேண்டும்? அமெரிக்க நகரங்கள் கண்ட மூன்று வழிகள்

ஒருவருடைய மனநோய் கட்டுக்கடங்காமல் போய், வீட்டார் வேறு வழியின்றி 911 என்ற அவசர உதவி எண்ணை அழைக்கும்போது, வாசலில் வந்து நிற்பவர் யார் என்பதைப் பொறுத்தே அந்த நோயாளி மருத்துவமனைக்குப் போவதும் சிறைக்குப் போவதும், சில வேளைகளில் உயிர் பிழைப்பதும் அமைகின்றன. அமெரிக்காவில் காவலர் துப்பாக்கியால் சுடப்பட்டு இறந்தவர்களை 2015 முதல் கணக்கெடுத்து வந்த வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் தரவில், ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மனநலப் பாதிப்பு இருந்ததாக அறியப்பட்டவர். இந்த நிலையை மாற்ற அந்நாட்டு நகரங்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன: காவலருக்கே சிறப்புப் பயிற்சி அளிப்பது, காவலரையும் மனநலப் பணியாளரையும் ஒரே வண்டியில் அனுப்புவது, காவலரே இல்லாத குழுவை அனுப்புவது. இவற்றைப் பயிற்சி நேரத்தையும் செலவையும் மட்டும் வைத்து எடைபோடுவது போதாது என்பது என் கருத்து. அழைப்பை ஏற்பவர் அதை எந்தப் பக்கம் திருப்பிவிடுகிறார், அழைத்துச் செல்லப்படுபவரை ஏற்றுக்கொள்ள இறுதியில் எந்தக் கதவு திறக்கிறது என்ற இரண்டு கேள்விகளே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன.

முதல் வழி பிறந்தது டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில். 1987 செப்டம்பரில், கத்தியால் தம்மையே காயப்படுத்திக்கொண்டிருந்த ஜோசப் டிவெய்ன் ராபின்சன் என்ற 27 வயதுக் கறுப்பின இளைஞரை அங்கு வந்த காவலர்கள் சுட்டுக் கொன்றார்கள். நகரம் கொதித்தெழுந்தது. அடுத்த ஆண்டே காவல்துறையும், மனநோயாளிகளின் குடும்பத்தார் அமைப்பும், பல்கலைக்கழக உளவியலாளர்களும் சேர்ந்து நெருக்கடித் தலையீட்டுக் குழுவை உருவாக்கினார்கள். தாமாக முன்வரும் ரோந்துக் காவலர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சி தரப்படுகிறது. நோயின் அறிகுறிகள், மருந்துகள், பேச்சால் பதற்றத்தைத் தணிக்கும் முறை ஆகியவற்றோடு, நோயுற்றவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் நேரில் சந்தித்துப் பேசுவதும் அதில் அடங்கும். பயிற்சி முடித்தவர் தனிப் பிரிவுக்குப் போய்விடுவதில்லை. வழக்கமான ரோந்திலேயே இருந்துகொண்டு, மனநல அழைப்பு வரும்போது அதற்குப் பொறுப்பேற்கிறார். இந்த முறையைப் பின்பற்றிய பல நகரங்கள் வகுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, மெம்பிஸின் மற்றொரு பாதியை விட்டுவிட்டன. காவலர் அழைத்து வருபவரை எக்காரணம் கொண்டும் திருப்பி அனுப்பாத ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவு மெம்பிஸில் இருந்தது. அது இல்லாத ஊரில், எவ்வளவு கனிவாகப் பேசக் கற்ற காவலரும், அவசரப் பிரிவு வராந்தாவில் பல மணி நேரம் காத்திருப்பதா, சிறு குற்றம் ஒன்றைப் பதிவு செய்து சிறையில் விட்டுவிட்டு அடுத்த அழைப்புக்குப் போவதா என்ற நெருக்கடியில் நிற்க வேண்டியிருக்கிறது.

எல்லாக் காவலருக்கும் பயிற்சி அளிப்பதா, விரும்பி வரும் சிலருக்கு மட்டுமா என்ற விவாதத்துக்கு ஒரெகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரம் கசப்பான பாடமாக இருக்கிறது. மனச்சிதைவு நோயோடு வாழ்ந்த ஜேம்ஸ் சாஸ் 2006 செப்டம்பரில் காவலர்களால் தரையில் வீழ்த்தப்பட்டு, விலா எலும்புகள் நொறுங்கி, காவலில் இருக்கும்போதே இறந்தார். அதுவரை விருப்பப் பயிற்சியாக இருந்ததை நகரம் ரோந்துக் காவலர் அனைவருக்கும் கட்டாயமாக்கியது. ஆனால் 2012 இல் அமெரிக்க நீதித்துறை அமைச்சகம் நடத்திய விசாரணை, மனநோய் உள்ளவர்கள்மீது அந்நகரக் காவல்துறை அளவுக்கு மீறிய பலத்தைத் தொடர்ந்து பயன்படுத்துவதாகக் கண்டறிந்தது. அதன் பின்னரே, எல்லாருக்குமான பயிற்சியை வைத்துக்கொண்டே, தாமாக முன்வருபவர்களுக்கு மேலும் பயிற்சியளித்து ஒரு சிறப்பு அணி அமைக்கப்பட்டது. மனமில்லாதவரை வகுப்பில் உட்கார வைத்தால் சான்றிதழ்தான் கிடைக்கும். தாமாக முன்வந்தவர்களின் அறிவும் அணுகுமுறையும், அனுப்பப்பட்டு வந்தவர்களைவிடச் சிறந்திருப்பதை ஆய்வும் காட்டியிருக்கிறது.

இந்த முதல் வழியைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. பயிற்சி பெற்ற காவலர்களின் புரிதல் கூடுகிறது என்பதற்கும், நோயாளிகளைச் சிகிச்சைக்கு அனுப்பும் போக்கு அதிகரிக்கிறது என்பதற்கும் நல்ல சான்றுகள் இருக்கின்றன. காயங்களும் மரணங்களும் குறைகின்றன என்பதற்கான சான்று அவ்வளவு உறுதியாக இல்லை. சீருடையும் இடுப்பில் துப்பாக்கியும், ஏற்கெனவே தம்மை யாரோ துரத்துவதாக நம்பிக்கொண்டிருப்பவருக்கு என்ன செய்தியைச் சொல்கின்றன என்பதை எந்த வகுப்பும் மாற்றிவிட முடியாது.

இரண்டாவது வழியில் லாஸ் ஏஞ்சலிஸ் முன்னோடி நகரங்களில் ஒன்று. 1993 முதல் அங்கு ஒரு காவலரும் மாவட்ட மனநலத் துறையைச் சேர்ந்த மருத்துவப் பணியாளரும் ஒரே வண்டியில் போகிறார்கள். நோயாளியின் பழைய சிகிச்சை விவரங்களை அந்த இடத்திலேயே பார்த்து, எந்த மருத்துவமனையில் இடமிருக்கிறது என்று விசாரித்து, நோயாளியைக் கட்டாயமாக மருத்துவமனையில் சேர்க்க வேண்டுமா என்று முடிவெடுக்கும் திறன் இக்குழுவுக்கு உண்டு; மெம்பிஸ் முறைக் காவலரிடம் அது கிடையாது. குறை வேறிடத்தில் இருக்கிறது. பெரும்பாலான அழைப்புகளில் சாதாரண ரோந்துக் காவலர்தான் முதலில் போய், அபாயமில்லை என்று உறுதிசெய்தபின் இணைந்த குழுவை வரவழைக்கிறார். உயிருக்கு ஆபத்தான நிமிடங்கள் பெரும்பாலும் அந்த முதல் சந்திப்பிலேயே கழிந்துவிடுகின்றன. ஆகவே இக்குழுவை முதல் சந்திப்பின் ஆபத்துக்குத் தீர்வாகக் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சந்திப்புக்குப் பிறகான சிகிச்சைப் பாதையைச் சீராக்கும் கருவியாக அது மிகவும் பயனுள்ளது.

அரிசோனாவின் டூசான் நகரம் இதே கூறுகளை வேறுவிதமாக அடுக்கியிருக்கிறது. 2011 இல் நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபோர்ட்ஸ் மனநோய் உள்ள ஒருவரால் சுடப்பட்ட நிகழ்வை அடுத்த ஆண்டுகளில், அங்கு மனநலத்துக்கென்றே முழுநேரக் காவலர் அணி ஒன்று உருவானது. இவர்கள் சீருடை அணிவதில்லை. அடையாளமில்லாத வண்டிகளில் செல்கிறார்கள். நீதிமன்றம் கட்டாயச் சிகிச்சைக்கு உத்தரவிட்டவர்களை அழைத்துவருவதும், அடிக்கடி நெருக்கடிக்கு உள்ளாகிறவர்களை முன்கூட்டியே போய்ப் பார்ப்பதும் இவர்கள் வேலை. இதைவிட முக்கியமாக நான் கருதுவது 2011 இல் திறக்கப்பட்ட அந்நகர நெருக்கடி மையத்தை. காவலர்களுக்கென்று அங்கே தனி நுழைவாயில் இருக்கிறது. கொந்தளிப்பில் இருப்பவர், போதையில் இருப்பவர் என்று யாரையும் மறுக்காமல் ஏற்றுக்கொள்கிறார்கள். காவலர் சில நிமிடங்களில் விடுபட்டுத் திரும்புகிறார். சிறையைவிட மருத்துவம் எளிதாக இருந்தால் காவலர் மருத்துவத்தையே தேர்ந்தெடுப்பார் என்ற எளிய கணக்கு அது. மூன்று வழிகளில் எதைத் தேர்ந்தாலும், முதற்பணத்தை இத்தகைய கதவுக்கு ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மூன்றாவது வழிக்கு நெடுங்காலம் எடுத்துக்காட்டாக இருந்தது ஒரெகனின் யூஜீன் நகரம். 1989 முதல் ஒயிட் பேர்ட் மருத்துவ நிலையம் நடத்திய கஹூட்ஸ் குழுவில், ஒரு மருத்துவ உதவியாளரும் நெருக்கடிப் பணியாளரும் ஆயுதமின்றி வேனில் சென்றார்கள். இவ்வழியின் விளைவை ஆய்வால் காட்டியது கொலராடோவின் டென்வர் நகரம். 2020 ஜூனில், நகர மையத்தில், வார நாள்களில் பகல் நேரத்தில் மட்டும் தொடங்கிய, காவலர் இல்லாத ஸ்டார் என்ற குழு முதல் ஆறு மாதங்களில் 748 அழைப்புகளுக்குச் சென்றது. அவற்றில் ஒன்றுகூடக் கைதில் முடியவில்லை. அக்குழு இயங்கிய பகுதிகளில், அது கையாள வேண்டிய வகையிலான சிறு குற்றங்களின் பதிவு 34 சதவீதம் குறைந்ததாக 2022 இல் வெளியான ஆய்வு கூறியது. குறைந்ததில் ஒரு பகுதி, காவலர் போயிருந்தால் குற்றமாக எழுதப்பட்டிருக்கும் நோயாகும். அதுவே எனக்கு இதன் பெரும்பலனாகத் தெரிகிறது. இக்குழுவின் எல்லையும் தெளிவானது: ஆயுதமோ வன்முறையோ இருக்கும் இடத்துக்கு இவர்கள் அனுப்பப்படுவதில்லை. ராபின்சனின் கையில் கத்தி இருந்தது. இன்றைய டென்வரிலும் அத்தகைய அழைப்புக்குக் காவலரே போவார். எனவே மூன்றாவது வழி முதல் வழியைத் தேவையற்றதாக்கிவிடவில்லை.

இங்கேதான் 911 அழைப்புகளை ஏற்கும் கட்டுப்பாட்டு அறை முக்கியமாகிறது. 'ஒருவர் கத்துகிறார்' என்று சொல்லும் அண்டை வீட்டாரிடம், அவர் கையில் என்ன இருக்கிறது, முன்பு இப்படி நடந்ததுண்டா, மருந்து எடுத்துக்கொள்கிறாரா என்று கேட்கத் தெரிந்தவர் இருந்தால்தான் எந்த வண்டி போக வேண்டும் என்பது சரியாக முடிவாகும். டெக்சாஸின் ஹூஸ்டன் நகரம் 911 மையத்துக்குள்ளேயே மனநல ஆலோசகர்களை அமர்த்தி, பல அழைப்புகளைத் தொலைபேசியிலேயே தீர்க்கச் செய்தது. 2022 ஜூலையில் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த 988 என்ற மனநல நெருக்கடி உதவி எண்ணும் இதே வேலைக்குரியதுதான். ஆனால் பதறிய மனிதரின் விரல் இன்னும் பழகிய 911 எண்ணையே தேடுகிறது.

பெருநகரம் ஒன்று எதைத் தேர்வது என்று கேட்டால், ஆயுதமில்லாத அழைப்புகளுக்கு டென்வர் முறைக் குழு, ஆயுதம் உள்ளவற்றுக்கு விரும்பிப் பயிற்சி பெற்ற காவலர் என்று பிரிப்பதையே நான் பரிந்துரைப்பேன். இணைந்த குழுவை, மீண்டும் மீண்டும் நெருக்கடிக்கு உள்ளாகிறவர்களைப் பின்தொடர்ந்து கவனிக்க வைத்துக்கொள்ளலாம். ஆனால் காவல்துறைக்கு ஆண்டுதோறும் உறுதியாக வரும் பணம் இக்குழுக்களுக்கு வருவதில்லை. மற்ற நகரங்கள் பார்த்துப் பின்பற்றிய கஹூட்ஸ் சேவையே, நிதி நெருக்கடியால் 2025 ஏப்ரலில் யூஜீனில் நிறுத்தப்பட்டது.

சிற்றூர்களின் நிலை முற்றிலும் வேறு. மனநல மருத்துவரே இல்லாத மாவட்டங்களில் நள்ளிரவில் வரக்கூடியவர் ஷெரிப் எனப்படும் மாவட்டக் காவல் தலைவரின் காவலர் மட்டுமே. தெற்கு டகோட்டா மாநிலம் 2020 முதல் அத்தகைய காவலர்களின் கையில் கைக்கணினியைக் கொடுத்து, நெருக்கடியில் இருப்பவர் தொலைவிலுள்ள மனநலப் பணியாளரோடு திரையில் நேரடியாகப் பேச வழி செய்திருக்கிறது. பேச்சுக்குப் பின் வீட்டிலேயே இருக்கலாமா, மருத்துவமனைக்குப் போக வேண்டுமா என்று அப்பணியாளர் கருத்துச் சொல்கிறார். தனி வேனும் குழுவும் வைத்துக்கொள்ள வழியில்லாத ஊர்களுக்கு, மெம்பிஸின் 40 மணி நேரப் பயிற்சியோடு சேர்த்து இதைவிட நடைமுறைக்கு ஒத்த ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.