ஒரே டயரா, போட்டி டயரா? ஃபார்முலா ஒன் அலசல்

சிங்கப்பூரின் ஃபார்முலா ஒன் இரவுக் கார்ப் பந்தயம் 2008இல் தொடங்கியது என்பதால், மரினா பேயில் நாம் பார்த்தவை எல்லாமே ஒரே நிறுவனத்தின் டயரில் ஓடிய பந்தயங்கள்தான்: 2010 வரை பிரிஜ்ஸ்டோன், 2011 முதல் பிரெல்லி. இரண்டு நிறுவனங்கள் மோதினால் பந்தயம் சூடுபிடிக்கும் என்று இங்குள்ள ரசிகர்கள் பலர் நம்புகிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

பிரிஜ்ஸ்டோனும் மிஷெலினும் 2001 முதல் 2006 வரை மோதிய காலத்தில் டயர்கள் வேகமாக மேம்பட்டன. அதை மறுக்க முடியாது. ஆனால் பிரிஜ்ஸ்டோனின் உழைப்பு பெரும்பாலும் ஃபெராரியின் காரைச் சுற்றியே அமைந்ததால், அதே டயரை வாங்கிய சிறிய அணிகளுக்குக் கிடைத்த பலன் குறைவு. 2004இல் 18 பந்தயங்களில் 15ஐ வென்ற ஃபெராரி, ஒரே டயர்த் தொகுதியுடன் பந்தயம் முழுவதையும் ஓடி முடிக்க வேண்டும் என்ற விதி வந்த 2005இல் ஒன்றை மட்டுமே வென்றது. அந்த ஒன்றும் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் கிடைத்தது. டயர் பாதுகாப்பு அச்சத்தால் மிஷெலின் டயர் பொருத்திய 14 கார்களும் பந்தயத்துக்கு முந்தைய அணிவகுப்புச் சுற்றோடு விலகிக்கொள்ள, ஆறு கார்களே போட்டியிட்டன. பணம் கொடுத்து வந்த ரசிகர்களுக்கு இதைவிடப் பெரிய அநீதி இருக்க முடியாது.

ஒரே டயர் வந்தால் அணிகள் சமமாகிவிடும் என்பதும் தவறு. 2023இல் ரெட் புல் 22 பந்தயங்களில் 21ஐ வென்றது. தவறவிட்ட ஒன்று சிங்கப்பூரில், ஃபெராரியின் சைன்ஸிடம். எல்லாருக்கும் ஒரே ரப்பர் கலவை என்றாலும், ஒரு கார் அதை விரைவில் சூடேற்றும், இன்னொன்று சீக்கிரமே தேய்த்துவிடும். 2015இல் ஆதிக்கம் செலுத்திவந்த மெர்சிடிஸ், மரினா பே தகுதிச் சுற்றில் ஐந்தாம், ஆறாம் இடங்களுக்குச் சரிந்தது. ஆனால் ஒரே டயர் முறையில் தோற்கும் அணி தன் காரையும் உத்தியையும்தான் திருத்த வேண்டும். எந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தோம் என்பது முடிவைத் தீர்மானிப்பதில்லை. என் பார்வையில் இதுவே நியாயமான போட்டி.

இந்த முறையின் உண்மையான ஆபத்து 2013இல் தெரிந்தது. பிரிட்டனின் சில்வர்ஸ்டோன் பந்தயத்தில் டயர்கள் வெடித்த பிறகு பிரெல்லி அவற்றின் கட்டமைப்பை மாற்றியது. முதல் பாதியில் நன்றாகப் புள்ளி எடுத்த ஃபோர்ஸ் இந்தியா அதன்பின் பின்தங்க, முன்பே முன்னிலையில் இருந்த ரெட் புல் ஓட்டுநர் வெட்டல், சிங்கப்பூர் உட்பட, கோடை இடைவேளைக்குப் பின் ஒன்பது பந்தயங்களைத் தொடர்ந்து வென்றார். பாதுகாப்புக்காக மாற்றியது சரியே. ஆனால் அந்த டயர்களைச் சோதிக்க பிரெல்லியிடம் இருந்தது 2010ஆம் ஆண்டின் ரெனோ கார். ஒற்றை நிறுவனத்திடம் பொறுப்பைக் கொடுக்கும்போது, நடப்புக் கார்களில் போதிய சோதனை நாட்களையும் பருவம் தொடங்கும் முன்பே கொடுத்தாக வேண்டும்.