பெரியவர்களுக்குச் சின்னம்மை ஊசி: நேரே போடுவதா, ரத்தம் பார்த்துப் போடுவதா?

மாசி, பங்குனியில் கடலூர்ப் பக்கம் வாசல்களில் வேப்பிலைக் கொத்து தொங்க ஆரம்பித்ததும் இந்தக் கேள்வி வந்துவிடும். சின்ன வயதில் அம்மை போட்டதா என்று ஞாபகமில்லாதவர்கள் கேட்பது. பெரியவர்களுக்கு வந்தால் நிமோனியா வரை போகலாம், அதனால் கேட்பது நல்லதுதான்.

செலவு
நேரே ஊசி: இரண்டு தவணை. அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இல்லை, கைக்காசுதான்.
ரத்தப் பரிசோதனை: சின்னம்மைக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால் ஊசிச் செலவு மிச்சம். இல்லையென்றால் இரண்டு செலவும்.

அலைச்சல்
நேரே ஊசி: 4 முதல் 8 வாரம் கழித்து இரண்டாவது. புதுச்சேரியில் வீடு, சென்னையில் வேலை என்று ஓடுகிறவர்கள் கோட்டை விடுவது இதைத்தான்.
பரிசோதனை: ஒரு நடை கூடுதல்.

நம்பகம்
ஏற்கெனவே அம்மை வந்தவர் ஊசி போட்டாலும் கெடுதல் இல்லை. பரிசோதனையோ, முன்பே ஊசி போட்டவர்களின் எதிர்ப்பைச் சில சமயம் தவறவிடும்.

வீட்டில் ஒருவருக்கு இப்போதுதான் கொப்புளம் கிளம்பியிருக்கிறதா? ரத்த முடிவுக்குக் காத்திருக்காதீர்கள். அவரோடு பழகிய மற்றவர்கள், பழகிய 3 நாளுக்குள், மிஞ்சினால் 5 நாளுக்குள் ஊசி போட்டால் பலன் உண்டு. நர்ஸ், பள்ளி ஆசிரியர், விடுதியில் தங்குபவர்களுக்கும் நேரே ஊசிதான் என் பரிந்துரை. "உனக்கு வந்த மாதிரிதான் இருக்கு" என்று அம்மா இழுத்தால், அவசரமில்லாதபோது பரிசோதனை சரி.

இது வலுக்குறைத்த உயிர்க்கிருமி ஊசி. கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்புச் சக்தி மிகக் குன்றியவர்களுக்கும் கூடாது. பக்கத்தில் அம்மை இருந்தால் அவர்கள் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே ரத்தம் பார்த்து, தேவையென்றால் இரண்டு தவணையும் முடித்து, அதன் பிறகு கர்ப்பத்தைக் குறைந்தது ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள்.