டிராக்பால் பழுது: புதிய போர்டு போட்டதாகச் சொல்லிப் பணம் வாங்கியவரிடம் நான் ஏமாந்த கதை

பள்ளத்தூரில் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் நிற்கும் ஆர்கேட் பெட்டி (நின்றபடி வீடியோ ஆட்டம் ஆடும் பெட்டி), என் தம்பி சிங்கப்பூருக்குப் போவதற்கு முன்பு ஆசாரியை வைத்துப் பலகை அறுத்து, உள்ளே ஒவ்வொரு கம்பியையும் தன் கையால் இணைத்துச் செய்து கொடுத்தது. அதில் உள்ள 3 அங்குல டிராக்பாலில்தான், அதாவது கையால் உருட்டி ஆட்டத்தை நடத்தும் பந்தில்தான், பிள்ளைகள் சென்டிபீட் ஆடுவார்கள். 1981இல் அட்டாரி வெளியிட்ட அந்த ஆட்டம் டிராக்பாலோடுதான் வந்தது; ஜாய்ஸ்டிக்கில் அந்த வேகம் கிடைக்காது.

சென்ற சித்திரையில் பந்து இடவலமாக நன்றாக உருண்டது. மேலும் கீழுமாக உருட்டும்போது மட்டும் நறநறவென்று சிக்கியது. காரைக்குடியில் இத்தகைய வேலை தெரியும் என்று சொன்ன ஒருவரிடம் டிராக்பாலை மட்டும் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல், "சென்சார் போர்டு போயிருச்சு ஆச்சி, புதுசுதான் போடணும்" என்று சொல்லி 3,000 ரூபாய் முன்பணம் வாங்கினார். 19 நாள் கழித்து மேலும் 2,800 ரூபாய் பெற்றுக்கொண்டு, 'சென்சார் போர்டு புதிது' என்று ரசீதில் எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் நன்றாக ஓடியது. பிறகு முன்பைவிட மோசமாகச் சிக்கியதோடு, திரையில் குறியும் தாவத் தொடங்கியது.

தம்பி தொலைபேசியில் வழி சொல்ல, என் மகன் மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு மேல் வளையத்தைக் கழற்றிப் பந்தை எடுத்தான். ரோலர்கள் முழுவதும் ஸ்பிரே எண்ணெய் வழிந்திருந்தது. போர்டில், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு தம்பி பற்றவைத்த பச்சைக் கம்பி அப்படியே இருந்தது. அந்தப் பற்றவைப்பைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்தைவிட வருத்தமே அதிகம், ஏனென்றால் புதிய போர்டு என்று நான் தம்பியிடமும் சொல்லியிருந்தேன்.

இனி யாரிடமும் கொடுப்பதற்கு முன்பு இதை நீங்களே சோதித்துவிடுங்கள். பந்து மூன்று இடங்களில் அமர்ந்திருக்கும்: ஒன்றுக்கொன்று செங்குத்தாக உள்ள இரண்டு ரோலர்கள், தாங்கலுக்காக ஒரு சிறு உருளை. ஒரு ரோலர் இடவல அசைவையும் மற்றொன்று மேல்கீழ் அசைவையும் எடுத்துக்கொள்ள, அவற்றின் நுனியில் உள்ள துளைச் சக்கரம் சுழலும்போது சென்சாரின் ஒளி விட்டுவிட்டு மறைவதைப் போர்டு எண்ணுகிறது. ஆகவே பந்தை எடுத்துவிட்டு ரோலர்களை விரலால் சுண்டிவிட்டால், நல்ல ரோலர் தடையின்றிச் சில சுற்றுகள் சுழன்று நிற்கும்; உடனே நிற்பதில்தான் பேரிங் கெட்டிருக்கிறது. கையில் பந்து சிக்கினால் பெரும்பாலும் அழுக்கு அல்லது பேரிங். கையில் வழுக்கலாக உருண்டும் திரையில் குறி நகரவில்லை என்றால்தான் சென்சாரையோ கம்பியையோ சந்தேகிக்க வேண்டும். பழைய பிக்சர் டியூப் உள்ள பெட்டியானால் பின்பக்கம் கை வைக்க வேண்டாம்; மின்சாரத்தை நிறுத்திய பிறகும் டியூபில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

எங்கள் பெட்டியில் மேல்கீழ் ரோலரின் இரண்டு பேரிங்குகளும் துருப்பிடித்திருந்தன. வளவு (வீட்டு முற்றம்) வழியாக வரும் செம்மண் தூசியும், சீப்புச்சீடை தின்ற கையின் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து ரோலர்களில் கறுப்பு வளையமாக இறுகியிருந்தன. காரைக்குடிக்காரர் அதைச் சுரண்டி எடுக்கவில்லை. மேலே எண்ணெய் அடித்திருந்தார். எண்ணெய் முதலில் வழுக்கும், பிறகு தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும். துளைச் சக்கரத்திலும் அது படிந்ததால்தான் குறி தாவியது. ஐசோபிரைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, பழைய பேரிங்கைக் காட்டி, தேவகோட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடையில் அதே அளவில் இரண்டு வாங்கிப் போட்டோம். மொத்தச் செலவு 180 ரூபாய். இப்போது பந்து தடையின்றி உருள்கிறது.

அவரிடம் போய்ப் பழைய போர்டைக் கேட்டேன். "குப்பையில போட்டாச்சு ஆச்சி" என்றார். பச்சைக் கம்பியின் படத்தைக் காட்டியதும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 1,500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். மீதியைத் தர மறுத்துவிட்டார். ரசீது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. சிவகங்கை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் கொடுப்பதற்கான புகாரை எழுதிக்கொண்டிருக்கிறேன். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்தால் போதும். அவரிடம் இதுபோன்ற ரசீதோடு ஏமாந்தவர்கள் வேறு யாரேனும் இருந்தால் எனக்குத் தெரிவியுங்கள்.