படகு அச்சுக்கு ரைனோவா, ஃபியூஷனா?

மண்டபத்தில் ஃபைபர் வள்ளம் கட்டும் ஒரு பட்டறைக்காக, 28 அடி வள்ளத்தை எடுக்கும் அச்சுக்கான மூல உருவைக் கணினியில் வரைந்து கொடுக்கும் பொறுப்பு சென்ற ஆண்டு என்னிடம் வந்தது. முன்முனையான அணியத்தில் கூர்ந்து, நடுவில் அகன்று, பின்முனையான அமரத்தில் தட்டையாக முடியும் அந்த உருவில் நேர்க்கோடு என்று ஒன்றும் இல்லை. ரைனோ, ஃபியூஷன் (முன்பு ஃபியூஷன் 360) ஆகிய இரண்டு முப்பரிமாண வரைவு மென்பொருள்களிலும் வரைந்து பார்த்த பிறகு, ரைனோவில் வரைந்ததையே அச்சுக்குக் கொடுத்தேன்.

ரைனோவை ஒருமுறை வாங்கினால் போதும். ஃபியூஷனுக்குச் சந்தா கட்ட வேண்டும். தொடங்குவதற்கு ஃபியூஷன்தான் எளிது. அதன் ஃபார்ம் பகுதியில் டி-ஸ்பிளைன் என்னும் வளைபரப்பைக் களிமண்ணைப் போல இழுத்துப் பிடித்தால் ஒரே நாளில் படகின் சாயல் வந்துவிடுகிறது.

என் முடிவைத் தீர்மானித்தது, பின்னால் வரும் திருத்தம். வரைபடத்தைப் பார்த்த மேஸ்திரி, "தம்பி, வாடைக்காத்துல தண்ணி உள்ள அடிக்கும், அணியத்த நாலு விரக்கடை தூக்கிக் குடுங்க" என்றார். ஃபியூஷனில் தூக்கினேன்; உயரம் வந்தது. ஆனால் பரப்பின் கட்டங்களில் நான்குக்குப் பதில் ஐந்து விளிம்புகள் கூடும் நட்சத்திரப் புள்ளியை ஒட்டிப் பரப்பு லேசாகப் புடைத்தது. பரப்பு சீராக இருக்கிறதா என்று காட்டும் வரிக்குதிரைக் கோடுகளைப் போட்டுப் பார்த்தபோது அவை அந்த இடத்தில் நெளிந்தன. ரைனோவில் ஒரு பக்கம் முழுவதையும் நீளவாக்கில் ஏழு, குறுக்கில் ஐந்து என, நகர்த்தினால் வளைவை மாற்றும் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் கொண்ட ஒற்றைப் பரப்பாக அமைத்திருந்தேன். மேல்வரிசைப் புள்ளிகளைப் படிப்படியாகக் குறையும் அளவில் உயர்த்தியதும் வளைவு கெடாமல் எழுந்தது. மெல்லிய ரீப்பரை ஆணிகளுக்கிடையே வளைத்துக் கோடு போடும் ஆசாரிக்கு இது புதிதல்ல; ஆணி குறையக் குறையக் கோடு சீராகும். கணினியில் வளைகோட்டைக் குறிக்கும் ஸ்பிளைன் என்ற சொல்லே அத்தகைய ரீப்பரைக் குறித்ததுதான். அச்சில் தங்கும் ஒரு புடைப்பு அதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு படகிலும் பதியும் என்பதால், இதில் என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

ரைனோவின் குறையையும் சொல்ல வேண்டும். அணியத்தைத் திருத்தியதும் அமரப் பலகையின் வெட்டையும் அச்சின் விளிம்புப் பட்டையையும் மீண்டும் கையால் அமைக்க அரை நாள் ஆயிற்று. ஃபியூஷனில், செய்த படிகளை வரிசையாகப் பதிந்துவைக்கும் காலவரிசை அவற்றின் பெரும்பகுதியைத் தானே புதுப்பித்திருக்கும். ரைனோ 7 முதல் கிடைக்கும், டி-ஸ்பிளைனைப் போலவே இழுத்து உருவாக்கும் சப்-டி முறையை நான் ஒரு கைப்பிடிக்கு மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன். முழுப் படகுக்கு அதைப் பரிந்துரைக்க அந்த அனுபவம் போதாது. அளவு மாறினால் மற்றவையும் சேர்ந்து மாற வேண்டிய ஐஸ் பெட்டியையும் இஞ்சின் மூடியையும் இன்றும் ஃபியூஷனில்தான் வரைகிறேன்.