சி டிரைவ் நீளமாட்டேங்குதா: டிஸ்க்பார்ட்டா, ஜிபார்ட்டட்டா?

பழைய 256 ஜிபி எஸ்எஸ்டிய 512-க்கு குளோன் பண்ணி மாட்டிட்டு பார்த்தா சி டிரைவ் அதே 237 ஜிபிதான், மிச்சம் பூரா அன்அலொகேட்டட்னு (எந்த டிரைவுக்கும் ஒதுக்காத இடம்) கருப்பு பட்டையா தனியா கிடக்கும். மொத்தமே 476-ன்னு காட்டுதேன்னு பதறாதீங்க, கம்பெனிக்காரன் 1000-ல எண்ணுறான் விண்டோஸ் 1024-ல எண்ணுது, அவ்ளோதான். சிக்கல் நடுவுல உக்காந்திருக்கிற ரெகவரி பார்டிஷன், அதாவது விண்டோஸ் கெட்டுப்போனா சரிபண்ற கருவிங்க இருக்கிற சின்ன பகுதி. விண்டோஸ்லயே இருக்கிற டிஸ்க் மேனேஜ்மென்ட் ஒரு பார்டிஷன அதுக்கு வலது பக்கம் ஒட்டி இருக்கிற காலி இடத்துக்குள்ளதான் நீட்டும், நடுவுல 500 எம்பி குறுக்க நின்னாலும் எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கிப்போயிடும். அந்த ரெகவரி மேல ரைட் கிளிக் பண்ணா ஹெல்ப்னு ஒண்ணு மட்டும் வரும், அதால ஒரு ஹெல்ப்பும் கிடையாது. ஆக டிஸ்க் மேனேஜ்மென்ட் ஆட்டத்துலயே இல்ல.

அடுத்து டிஸ்க்பார்ட், விண்டோஸோட வர்ற கமாண்ட் கருவி. பெண்டிரைவ் எதுவும் வேணாம், விண்டோஸ்குள்ளயே முடிஞ்சிடும். அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்ல முதல்ல ரீஏஜென்ட்சி டிசேபிள் (reagentc /disable, ரெகவரிய நிறுத்தற கமாண்ட்) கொடுத்தா ரெகவரி ஃபைல் சி டிரைவுக்குள்ள சிஸ்டம்32-ல ரெகவரி ஃபோல்டருக்கு வந்துடணும், வந்துச்சான்னு கண்ணால பார்த்துட்டுதான் மேல போகணும் (மறைஞ்ச ஃபைல், டிர் கமாண்டோட ஸ்லாஷ் ஏ போட்டாதான் தெரியும்), அப்புறம் அந்த பார்டிஷன டெலீட் பார்டிஷன் ஓவர்ரைடுன்னு (delete partition override) தூக்கிட்டு, சி-ய நீட்டி, கடைசில கொஞ்சம் இடம் சுருக்கி புது ரெகவரி பார்டிஷன் போட்டு, அது ரெகவரின்னு அடையாளம் காட்டற ஐடி நம்பரும் கொடுத்து ரீஏஜென்ட்சி எனேபிள். கேட்க நீளமா இருக்கும், வேலை கொஞ்ச நேரந்தான். பயப்பட வேண்டியது ஓவர்ரைடுங்கற அந்த வார்த்தைக்குத்தான், அது எதையும் பாதுகாக்காது, நம்பர் மாத்தி மெஷின் பூட் ஆக வேண்டிய ஃபைல் இருக்கிற 100 எம்பி இஎஃப்ஐ பார்டிஷன செலக்ட் பண்ணியிருந்தா அடுத்த தடவ மெஷின் பூட்டே ஆகாது.

ஜிபார்ட்டட் லைவ் பெண்டிரைவ்ல பூட் பண்ற லினக்ஸ். எதையும் அழிக்காம ரெகவரிய அப்படியே வலது ஓரத்துக்கு இழுத்து விட்டுட்டு சி-ய நீட்டலாம், எல்லாம் படமா தெரியும், அப்ளை அமுக்குற வரைக்கும் டிஸ்க்ல ஒண்ணும் மாறாது. புதுசா செய்யறவங்களுக்கு நான் இதத்தான் சொல்வேன். ரெண்டு விஷயம் மட்டும் கவனிக்கணும்: ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருந்தா சி டிரைவ் ஹைபர்னேட் ஆன நிலையிலயே இருக்கும், தொட விடாது, ஷிஃப்ட் புடிச்சுட்டு ஷட்டவுன் பண்ணுங்க. இன்னொண்ணு பிட்லாக்கர், அதாவது டிரைவ கீ இல்லாம படிக்க முடியாதபடி பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி, விண்டோஸ் 11 லேப்டாப் நிறையதுல நீங்க கேக்காமலே என்கிரிப்ஷன் ஆன்ல இருக்கும், அந்த பார்டிஷன ஜிபார்ட்டட்டால நீட்ட முடியாது. அங்க டிஸ்க்பார்ட்தான் வழி, அதுவும் ரெகவரி கீ கைல இருக்கான்னு பார்த்து பிட்லாக்கர சஸ்பெண்ட் பண்ணிட்டு.

மூணாவதா இந்த இலவச பார்டிஷன் சாஃப்ட்வேருங்க. வேலை செய்யும், ஆனா சிலது எல்லாம் செட் பண்ண விட்டுட்டு கடைசி பட்டன்ல காசு கேக்கும், அதுக்கு ஜிபார்ட்டட்டே மேல்.

எதுல பண்ணாலும் ரெகவரிக்கு ஒரு ஜிபி விடுங்க, கஞ்சத்தனம் வேணாம், 2024 ஜனவரில வந்த கேபி5034441 அப்டேட் நிறைய பேருக்கு 80070643 எர்ரர்ல நின்னதே அந்த பார்டிஷன் பத்தாமதான். முடிச்சதும் ரீஏஜென்ட்சி இன்ஃபோ போட்டு எனேபிள்ட்னு வருதான்னு பார்த்துடுங்க, ஜிபார்ட்டட்ல நகர்த்தினதுக்கு அப்புறம் டிசேபிள்ட்னு காட்டினா திரும்ப ஒருதடவ எனேபிள் கொடுங்க.