பத்து நிமிட பிரேக்குக்கு எந்த பிரவுசர் கேம்?

சென்னை பாரிமுனைப் பக்கம் லிங்கி செட்டித் தெரு, தம்பு செட்டித் தெரு என்று எங்கே திரும்பினாலும், சரக்கைக் கஸ்டம்ஸிலிருந்து விடுவித்துக் கொடுக்கும் கிளியரிங் ஆபீஸ்தான். அந்த வேலையில் பாதி, காத்திருப்பு. இறக்குமதிச் சரக்குக்கான பில் ஆஃப் என்ட்ரி போட்டாச்சு, டியூட்டி கட்டியாச்சு, இனி சரக்கை எடுத்துப் போகலாம் என்று கஸ்டம்ஸில் ‘அவுட் ஆஃப் சார்ஜ்’ கொடுக்கும் வரை செய்ய ஒன்றுமில்லை. சீட்டை விட்டு நகரவும் முடியாது. அந்த ஐந்து பத்து நிமிடத்துக்குத்தான் பிரவுசர் கேம். டவுன்லோட் செய்ய வேண்டாம், ஒரு டேப் திறந்தால் போதும்.

ஆனால் எல்லா ஆட்டமும் ஓய்வு தராது. சிலவற்றை ஆடி முடித்தால் முன்பைவிட அதிகமாகக் களைத்திருப்போம். நான் பார்ப்பது ஒரே விஷயம்: யாராவது கூப்பிட்டால் அந்த நொடியே விட்டுவிட்டு எழுந்திருக்க முடியுமா? நேரத்தை நகர்த்துவது நாமா, ஆட்டமா? ஆட்டம் நம்மைத் துரத்தினால் அது பிரேக் இல்லை, இன்னொரு வேலை.

இந்தக் கணக்கில் என் முதல் ஓட்டு 2048-க்கு. இத்தாலியைச் சேர்ந்த கேப்ரியேலே சிருல்லி என்ற 19 வயதுப் பையன் 2014 மார்ச்சில் வெளியிட்டது. நாலுக்கு நாலு கட்டம், நாலு அம்புக்குறி. ஒரே எண் இரண்டு மோதினால் ஒன்றாகி இரட்டிப்பாகும், அப்படியே 2048 வரை ஏற்ற வேண்டும். அவசரப்படுத்த கடிகாரம் கிடையாது. “தம்பி, அவுட் ஆஃப் சார்ஜ் வந்துடுச்சா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தால், “இதோ பாக்கறேண்ணே” என்று அப்படியே டேப்பை மாற்றலாம். மதியம் திரும்பி வந்தாலும் எண்கள் விட்ட இடத்திலேயே நிற்கும்.

இதில் ஒரு கணக்கைக் கவனியுங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு புது எண் கட்டை வரும். பத்தில் ஒன்பது முறை 2, ஒரு முறை 4. அதாவது சராசரியாக ஒரு நகர்த்தலுக்குப் பலகையின் மொத்தத்தில் 2.2 கூடுகிறது. 2048-ஐத் தொட வேண்டுமானால் சுமார் 930 நகர்த்தல் வேண்டும். ஒரே மூச்சில் முடிக்க நினைத்தால் ஒரு பிரேக்கில் தீராது. நாள் முழுக்கத் துண்டு துண்டாக ஆடுவதற்கு இதைவிடப் பொருத்தமாக இன்னொன்றை நான் பார்க்கவில்லை. புதிதாக ஆடுபவர்களுக்கு ஒரே யோசனை: பெரிய எண்ணை ஒரு மூலையில் உட்கார வையுங்கள். இடது, கீழ் என்று இரண்டு பக்கம் மட்டும் தள்ளிக்கொண்டே போங்கள். வேறு வழியில்லாதபோது வலது. மேல்பக்கம் தள்ளினால் மூலையில் இருந்தது கிளம்பிவிடும், அப்புறம் அந்த இடத்தில் ஒரு 2 வந்து குந்திக்கொள்ளும், ஆட்டம் நாறிவிடும்.

நேர் எதிர் கட்சி, குரோமின் டைனோசர். இதுவும் 2014-இல் வந்ததுதான். நெட் போனால் தலைகாட்டும், ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஓடும். விளக்கம் தேவையில்லை, மொழி தேவையில்லை, ஒரு ஆட்டம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே நேரத்தை நகர்த்துவது டைனோசர். வேகம் ஏறிக்கொண்டே போகும், தோளும் விரலும் இறுகிவிடும். வேறு டேப்புக்குப் போனால் ஆட்டம் நிற்கும், சரி. திரும்பி வந்ததும் உடனே ஓட ஆரம்பித்துவிடும். விரல் ஸ்பேஸ் பாருக்குப் போவதற்குள் கள்ளிச்செடியில் முட்டியிருக்கும். முட்டியதும் “இன்னொரு தடவை” என்று தோன்றும், அதுதான் பெரிய சிக்கல். இதை வடிவமைத்தவர்களே, முழுசாக ஓடி முடிக்க 1 கோடியே 70 லட்சம் வருடம் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். பகல் பிரேக்குக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டுக்கும் நடுவில் மைன்ஸ்வீப்பர், வெடி இல்லாத கட்டங்களை மட்டும் பார்த்துத் திறக்கும் ஆட்டம். 1992-இல் விண்டோஸ் 3.1-உடன் வந்த பழைய ஆசாமி, இப்போது பிரவுசரிலேயே கிடைக்கிறது. ஒன்பதுக்கு ஒன்பது கட்டத்தில் பத்துக் கண்ணிவெடி உள்ள சின்னப் பலகையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் ஜெயித்தோ தோற்றோ முடியும், மனதில் ஒரு நிறைவு இருக்கும். 99 கண்ணிவெடி உள்ள பெரிய பலகை வேண்டாம். அரை மணி நேரம் மூளையைக் கசக்கி, கடைசியில் இரண்டு கட்டத்தில் எதில் வெடி என்று குத்துமதிப்பாக அழுத்த வேண்டி வரும்போது எரிச்சல்தான் மிஞ்சும்.

வேர்டிலைப் பலர் தலையில் தூக்கி வைத்திருக்கிறார்கள். ஜோஷ் வார்டில் உருவாக்கி, 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கியது. ஐந்தெழுத்து ஆங்கில வார்த்தை, ஆறு வாய்ப்பு, ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று. அந்த ‘ஒன்றே ஒன்று’ உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. இன்றைக்கு இவ்வளவுதான் என்று ஆட்டமே சொல்லிவிடுகிறது, 2048 ஒருபோதும் அதைச் சொல்லாது. ஆனால் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வேலைக்கு வந்த பையன்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தால் முகம் மாறிவிடுகிறது. நாள் முழுக்க ஆங்கில இன்வாய்ஸோடு மல்லுக்கட்டுபவனுக்கு, இடைவேளையிலும் ஆங்கிலப் பரீட்சை எதற்கு? ஆங்கிலத்தில் வார்த்தை தேடுவது பிடித்தவர்களுக்கு மதியச் சாப்பாட்டோடு ஒன்று, அவ்வளவு போதும்.

செஸ்ஸைச் சொல்லாமல் சென்னையில் இதை எழுத முடியாது. 2024 டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனதும் எங்கள் ஆபீஸிலும் லிசெஸ் என்ற செஸ் தளத்தின் டேப்கள் முளைத்தன. அது அருமையான தளம், விளம்பரமே இல்லை, முழுக்க இலவசம். ஆனால் ஒரு நிமிட புல்லட் ஆட்டத்தை பிரேக் என்று சொல்லாதீர்கள், நெஞ்சு படபடக்கும். மூன்று நிமிட ஆட்டத்திலும் எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். நம்மைக் கூப்பிட்டார்கள் என்று பாதியில் போனால் அவரைக் காக்க வைக்கிறோம், அது மரியாதை இல்லை. அதே தளத்தில் ‘பஸில்’ பகுதி இருக்கிறது. நிஜமாக ஆடிய ஆட்டங்களிலிருந்து எடுத்த நிலைகள், யாரும் காத்திருக்கவில்லை, கடிகாரமும் இல்லை. செஸ் தெரிந்தவர்களுக்கு 2048-ஐவிட இதுதான் மேல் என்று தயங்காமல் சொல்வேன்.

ஸ்லிதர் மாதிரி பலர் சேர்ந்து ஆடும் பாம்பு ஆட்டங்கள் வேண்டவே வேண்டாம். வளர்த்த பாம்பை விட்டு எழுந்திருக்க மனசு வராது.

பிரவுசர் கேரமையும் தவிர்க்கச் சொல்வேன். வடசென்னைக்காரர்களுக்கு இது கொஞ்சம் உணர்ச்சிகரமான விஷயம். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரிலிருந்து போன காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த ஊர் இது. பவுடர் போட்ட பலகையில் ஸ்ட்ரைக்கரைச் சுண்டி, ரெட் போட்டு ஃபாலோவும் போட்டுப் பழகிய விரலுக்கு, மவுஸைப் பின்னால் இழுத்து விடுவதில் எந்த ருசியும் இல்லை. நிஜக் கேரமில் 25 புள்ளி அல்லது எட்டு போர்டு வரை ஒரு கேம் போகும், பத்து நிமிட பிரேக்கில் அதற்கு இடமில்லை. அது வேலை முடிந்த பிறகு மன்றத்துக்குப் போய் ஆட வேண்டியது.

இன்னொரு கவலையும் உண்டு. 2048-இன் நிரலை சிருல்லி எல்லோருக்கும் திறந்துவிட்டதால் நகல்கள் ஏராளம். அவற்றில் பல, விளம்பரத்துக்காகவே நடத்தப்படுபவை. கட்டையைத் தள்ளப் போனால் விரல் விளம்பரத்தில் படும், அது பணம் கட்டி ஆடும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டமே நிறைவேற்றியது. ரம்மியில் சம்பளத்தை விட்டுவிட்டு வட்டிக்கு வாங்கி அலைந்தவர்களை எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ஆட்டம் உங்கள் போன் நம்பரையோ யுபிஐ-யையோ கேட்டால் அந்த டேப்பை மூடிவிடுங்கள்.

இதுவரை சொன்னது பகல் வேலைக்கு. மணலி, எண்ணூர் சாலைப் பக்கம் கண்டெய்னர் யார்டில் நைட் டியூட்டி பார்ப்பவர்களுக்கு என் வரிசை தலைகீழ். விடியற்காலை மூன்று மணிக்கு 2048-ஐத் திறந்தால் கட்டைகளைத் தள்ளித் தள்ளியே கண் சொக்கிவிடும். அந்த நேரத்தில் தேவை அமைதி இல்லை, விழிப்பு. பகலில் நான் வேண்டாம் என்ற டைனோசர் அங்கே நன்றாக வேலை செய்யும். நெட் இல்லாவிட்டாலும் ஓடும், 700 புள்ளி தாண்டியதும் திரை கொஞ்ச நேரம் கறுப்பாக மாறுவதால் இருட்டில் கண்ணுக்கும் இதம். இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு எழுந்து முகம் கழுவி, அடுத்த டிரெய்லரின் சீல் நம்பரைச் சரிபார்க்கப் போகலாம்.