மியூசிக்பிரெயின்ஸில் நான் அழித்த ஒரு கேசட்

பாட்டு, ஆல்பம், கலைஞர் விவரங்களை யார் வேண்டுமானாலும் சேர்க்கவும் திருத்தவும் கூடிய இணையத் தகவல்தளம் மியூசிக்பிரெயின்ஸ். அதில் ஆறு வருடமாக எடிட் செய்கிறேன். சேர்த்ததில் பாதி எனக்கே மறந்துவிட்டது. அழித்த ஒரு கேசட் மட்டும் இன்னும் உறுத்துகிறது.

சேர்ந்த புதிதில் எதைப் பார்த்தாலும் சுத்தம் செய்கிற வெறி. எண்பதுகளில் வந்த ஒரு படத்துக்கு இரண்டு பதிவுகள் கிடந்தன. ஒன்று எல்.பி. இசைத்தட்டு, அட்டைப் படத்தோடு கச்சிதமாக இருந்தது. இன்னொன்றில் அந்தப் படத்தின் நாலு பாட்டு, அதற்குக் கீழே சம்பந்தமே இல்லாத வேறொரு படத்தின் நாலு பாட்டு, வருடமும் இல்லை, அட்டையும் இல்லை. யாரோ குழப்பிவைத்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, 'டூப்ளிகேட்' என்று ஒரே வார்த்தையில் காரணம் எழுதி நீக்கப் போட்டுவிட்டேன். அந்த எடிட் ஏழு நாள் ஓட்டுக்கு நிற்கும், யாருமே ஓட்டுப் போடாவிட்டால் நிறைவேறிவிடும். தமிழ்ப் பாட்டுப் பக்கம் எட்டிப் பார்க்க ஆள் ஏது? போயே போச்சு.

அது உண்மையில் ஒரு கேசட்: ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் இன்னொரு படம். எங்கள் வீட்டு அலமாரியிலேயே அப்படிப் பத்து கேசட் இருக்கும், எனக்கு ஏன் தோன்றவில்லையோ. சேர்த்தவர் பிறகு எழுதினார், கோபமே இல்லாமல்: கேசட் என் கையில்தான் இருக்கிறது, அட்டையை ஸ்கேன் செய்ய நேரம் கிடைக்கவில்லை. மறுபடி அவரே சேர்த்தார். ஆனால் புதுப் பதிவுக்குப் புது எம்பிஐடி, அதாவது ஒவ்வொரு பதிவுக்கும் தளம் தரும் அடையாள எண். பிக்கார்டு என்ற அந்தத் தளத்தின் மென்பொருளை வைத்து விவரங்களை டேக் செய்த பாட்டுக் கோப்புகளில் உட்கார்ந்திருப்பது பழைய எண், அது இப்போது எங்கேயும் கொண்டுபோகாது.

நிஜமாகவே டூப்ளிகேட் என்றால் நீக்கவே கூடாது, இணைக்க வேண்டும். இணைத்தால் பழைய எண்ணைத் தேடி வருபவர் தானாகப் புதிய பதிவுக்குப் போய்விடுவார். இளையராஜாவை ஆங்கிலத்தில் வேறு எழுத்துக்கூட்டில் இன்னொரு கலைஞராக யாராவது சேர்த்திருந்தாலும் இதே வழிதான், அந்த எழுத்துக்கூட்டை மாற்றுப் பெயராகப் போட்டுவிடலாம். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு இணைக்கவும் கூடாது. ஒரே மெட்டு, ஒரே பாடகர் என்று தமிழ் ரெக்கார்டிங்கையும் இந்தி ரெக்கார்டிங்கையும் ஒன்றாக்கிவிட்டால் பிரித்தெடுப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

இப்போது சந்தேகம் வந்தால் முதலில் எடிட் வரலாற்றுக்குப் போய், அந்தப் பதிவு உருவான பழைய எடிட்டைத் தேடி, அதன் கீழே 'இது உங்களிடம் இருக்கிறதா?' என்று ஒரு நோட் போடுகிறேன். நோட் போட்டால் அந்த எடிட்டைச் செய்தவருக்கு மின்னஞ்சல் போகும். நீக்கும் எடிட்டை மட்டும் போட்டால் அவருக்குத் தெரியாமலே போகலாம், அந்தக் கலைஞரைச் சப்ஸ்கிரைப் செய்து வைத்திருந்தால்தான் உண்டு. எதோடும் தொடர்பில்லாமல் கிடக்கும் கலைஞர் பதிவைப் பற்றிக் கவலையே வேண்டாம், மாட்பாட் என்ற தளத்தின் தானியங்கி தானே எடுத்துவிடும்.

யோசிக்காமல் நீக்குவதும் உண்டு. ரெக்கார்டிங் கடையில் சீட்டு எழுதிக் கொடுத்து, தொண்ணூறு நிமிட வெற்றுக் கேசட்டில் பதிந்து வாங்கிய பாட்டுகளை ஒருவர் ஆல்பமாகவே ஏற்றியிருந்தார். நல்ல தேர்வுதான், கேட்க ஆசையாகவும் இருந்தது, ஆனால் சொந்தத் தொகுப்புக்கு அங்கே இடமில்லை. அதற்கும் நாலு வரி காரணம் எழுதினேன்.

போன மாதம் இன்னொரு எட்டுப் பாட்டுக் கேசட் கண்ணில் பட்டது. நோட் போட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. சரி, கிடக்கட்டும்.